முப்பது மீட்டர் ஆழம் போய் வந்த பை

ஒரு பையின் உச்சபட்ச ஆழம் எவ்வளவு என்று உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாஷ்கோவைக் கேட்டார்கள். அவன் குழாய் வேலை செய்கிறவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும் பழக்கம் அந்தத் தொழிலில் இன்னும் மிச்சமிருக்கிறது. அதனால், "அது தெரியல. ஆனா என் சாமான் அத்தனையும் இதுல அடங்கும், அது தெரியும்" என்றான். விண்ணப்பத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் ஊர் 'ஷ்கார்பினா' முக்குளிப்புச் சங்கத்தில் எனக்கும் ஒரு பதவி உண்டு. கூட்டக் குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவன், பெயர் யோசோ. எனக்கு நீச்சல் அரைகுறை. சங்கத்தில் அது ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை, ஏனென்றால் சங்கத்தின் பெரும்பாலான வேலைகள் நாற்காலியில்தான் நடக்கின்றன. பத்தொன்பது வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ராஜினாமா செய்துவிட்டார்கள்.

பாஷ்கோவுக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தொரு வருடமாக எங்கள் கடலில் முங்குகிறான். இவ்வளவு வருடத்தில் அவன் பார்த்தது மூழ்கிப்போன சரக்குப் படகு ஒன்று, அதன் மேல்தட்டில் குடியிருக்கும் ஆக்டோபஸ் ஒன்று, எண்ணிக்கைக்கு அடங்காத லாரி டயர்கள். அவனுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு கடற்பசுவை நேரில் பார்க்க வேண்டும். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து இந்தப் பைத்தியம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் மனைவி டோப்ரிலாவைக் கேட்டால் சொல்வாள்: "இவனை மாதிரியே இருக்குல்ல. நாள் பூரா மேயறது, ஒரு வார்த்தை பேசாம."

ஆனால் காது டாக்டர் கைவிரித்துவிட்டார். செவிப்பறை தேய்ந்துவிட்டதாம். கையில் இருக்கிற மருத்துவச் சான்று அக்டோபர் முப்பது வரைக்கும் செல்லும், அதுவும் எட்டு மீட்டருக்குக் கீழே போகாமல் இருந்தால். அதற்குப் பிறகு எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார், நானும் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த அக்டோபரில்தான் சங்கம் செங்கடலுக்கு ஒரு வாரப் பயணம் போட்டிருந்தது. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை விமானம். அங்கே ஒரு விரிகுடாவில் புல் முளைத்த மணல்தரையில், ஆறே மீட்டர் ஆழத்தில், ஒரு கடற்பசு வந்து மேயுமாம். பாஷ்கோ பெயர் கொடுத்தான். இது தவறினால் அவனுக்கு இனி கடற்பசு பல் டாக்டர் வீட்டில்தான்.

பையைத் தேர்ந்தெடுத்தவள் டோப்ரிலா. படகுகளுக்குக் கூரைத்துணி தைக்கிறவள் அவள். துணியையும் தையலையும் தொட்டுப் பார்த்தே விலை சொல்லிவிடுவாள். கடையில் ஏழு பைகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் வெறுமையாகத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள். வெறும் பையே கனத்தால் அதற்குள் போட என்ன மிச்சம் இருக்கும் என்பது அவள் கட்சி. கடைசியில் ஒன்றை எடுத்தாள். சாம்பல் நிறம், மெத்தென்ற கெட்டித் துணி, இரண்டு பெரிய சக்கரங்கள், நீளம் முழுக்கத் திறக்கும் ஜிப், மேலே ஒரு எழுத்துக் கிடையாது, எடை இரண்டரைக் கிலோ. வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தில் இரண்டு துளை போட்டுப் பித்தளை வளையம் அடித்தாள், ஈர உடுப்பின் தண்ணீர் வடிவதற்கு.

காலில் மாட்டும் துடுப்புகள் இரண்டையும் இரு பக்கமும் சுவர் மாதிரி நிறுத்தினாள். நடுவில் ரப்பர் உடுப்பு, சுற்றிலும் மிதவைச் சட்டை. பாஷ்கோவின் பவர் கண்ணாடி பதித்த மாஸ்க்கையும் மூச்சு விடும் ரெகுலேட்டரையும் மட்டும் பைக்குள் விடவில்லை. அவை ஒரு சின்னத் தோள்பையில், கையோடு. எல்லாம் முடியக் கால் மணி நேரம் ஆனது. பெரிய பையை எடை போட்டால் பத்தொன்பது கிலோ. விமானத்தில் இருபத்து மூன்று வரை விடுவார்கள். நியாயமான ஊராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் சங்கத்தில் பயணப்பை ஆணையம் என்று ஒன்று இருந்தது.

அது பிறந்த கதை இது. முந்தின வருடம் ஒரு விமான நிலையத்தில், சாமான் வரும் பட்டையில், எங்கள் உறுப்பினர் ஒருவரின் பை வாய் பிளந்துவிட்டது. அவருடைய நீளக்கால் உள்ளாடை தனியாக வந்து ஊர்வலம் போனது. சங்கத் தலைவர் வித்தோமிர் அங்கே நின்றுகொண்டிருந்தார். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் அனுமதி இல்லாமல் இந்த ஊருக்குள் அலையே வந்ததில்லை என்று நம்புகிறவர். ஊர் திரும்பியதும் பொதுக்குழுவைக் கூட்டிப் பேசினார்.

"அன்னைக்கு அந்தப் பட்டையில சுத்தினது வெறும் உள்ளாடை இல்ல, நம்ம சங்கத்தோட மானம். மூணு சுத்து வந்துச்சு, நான் எண்ணினேன். கை எட்டற தூரம்தான். ஆனா அதை எடுக்க எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? அதிகாரம் உள்ள ஒரு ஆணையம் இருந்திருந்தா, முதல் சுத்துலயே எடுத்திருப்போம்."

கைதட்டல் எழுந்தது. உடனே ஆணையம் அமைந்தது. தலைவர் வித்தோமிர். தொழில்நுட்பத்துக்கு கிர்கோ, பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். செயலாளர் நிவெஸ் அம்மாள். முத்திரை அவர் கைப்பையில்தான் இருக்கும், தூங்கும்போதும். ஆணையம் இயற்றிய முதல் விதி இது: முக்குளிப்பவரோடு பயணம் செய்யும் எதுவும் முக்குளிப்புக் கருவியே. யோசித்துப் பார்க்க நேரமில்லை, பத்தரை மணி ஆகிவிட்டது, மேசையில் உப்பு நெத்திலியும் ரொட்டியும் வந்துவிட்டன. ஏகமனதாக நிறைவேறியது. குறிப்பில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பாஷ்கோ தன் சாம்பல் பையோடு ஆணையத்தின் முன் வந்தது செப்டம்பர் கடைசியில். வந்தவனை முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். வேண்டுமென்றே அல்ல. எங்கள் வழக்கப்படி எந்தக் கூட்டமும் தொடங்குமுன் கூட்டத்தை நடத்த ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குறிப்பெழுத ஒருவர், குறிப்பைச் சரிபார்க்க இருவர், பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு நன்றித் தீர்மானம். மூன்று பேர் உள்ள ஆணையத்தில் வித்தோமிர் வித்தோமிரை முன்மொழிந்தார், கிர்கோ வழிமொழிந்தார், எதிர்ப்பு உண்டா என்று நிவெஸ் அம்மாள் பாஷ்கோவைப் பார்த்தார். அவன் பையைப் பார்த்தான்.

பிறகுதான் ஆழத்தைப் பற்றிய கேள்வி வந்தது. 'தெரியவில்லை' என்ற பதில் ஆணையத்துக்கு வருத்தத்தைத் தந்தது. ஆணையம் அங்கீகரித்த மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி அன்பாகச் சொன்னார்கள். அதுவும் அங்கேயே இருந்தது. மஞ்சள் நிறம், கெட்டிப் பிளாஸ்டிக், மூலைக்கு மூலை இரும்பு. வெறும் பெட்டியே ஒன்பதரைக் கிலோ. மூடியில் மூன்று மொழிகளில் பெரிய எழுத்தில் 'விலையுயர்ந்த முக்குளிப்புக் கருவிகள்' என்று எழுதியிருந்தது. கூட வந்திருந்த டோப்ரிலா அதைப் படித்தாள்.

"எதுக்கு மூணு மொழி? திருடன் எந்த ஊர்க்காரன்னு முன்கூட்டியே தெரியாதுங்கறதாலயா?" என்று கேட்டாள். கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று நிவெஸ் அம்மாள் பதிவு செய்தார்.

கிர்கோ, பாஷ்கோவின் சாமான்களை மஞ்சள் பெட்டிக்கு மாற்றி எடை போட்டார். இருபத்தாறு கிலோ. மூன்று கிலோ அதிகம். கரும்பலகைக்குப் போய் ஒரு சூத்திரம் எழுதி, அம்புக்குறி போட்டு, அடிக்கோடிட்டு, துடுப்புகளையும் ரப்பர் உடுப்பையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பெட்டி தாராளமாகப் போகலாம் என்று நிரூபித்தார். துடுப்பு இல்லாமல் எப்படி நீந்துவது என்று பாஷ்கோ பயந்து பயந்து கேட்டான்.

"தம்பி, ஆணையத்தோட பொறுப்பு பெட்டி பத்திரமா போய்ச் சேரணும்ங்கறதுதான். உள்ள என்ன இருக்கு, எதுக்கு இருக்குங்கறதெல்லாம் உங்க தனிப்பட்ட விஷயம். அதுல நாங்க மூக்க நுழைக்க மாட்டோம்" என்றார் கிர்கோ.

டோப்ரிலா சாமான்களை மறுபடி சாம்பல் பையில் அடுக்கினாள். இந்தப் பைதான் போகும் என்றாள். சரி, அப்படியானால் அது கருவியாகத் தேர்வெழுத வேண்டும் என்றது ஆணையம். மறுத்துவிட்டு நடையைக் கட்டலாம்தான். ஆனால் குழுவாக எடுத்த விமானச் சீட்டில் பைகளின் பட்டியல் சங்கத்தின் பெயரில் இருந்தது. நிவெஸ் அம்மாள் முத்திரை குத்தாத பை விமானத்தில் ஏறாது.

தேர்வின் முதல் பகுதி ஜோடி. தனியாக யாரும் முங்கக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள நல்ல விதி. மூச்சு முட்டினால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். பையும் கருவி, கருவியும் முங்குகிறவரைச் சேர்ந்தது, ஆகவே பையும் தனியாகப் பயணம் செய்யக் கூடாது என்றார்கள். சாம்பல் பைக்கு வித்தோமிரின் சொந்த மஞ்சள் பெட்டி ஜோடியாக நியமிக்கப்பட்டது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினார்கள். முங்குமுன் இருவர் ஒருவர் கருவியை ஒருவர் சோதிப்பது போல, பெட்டி பையையும் பை பெட்டியையும் சோதிக்க வேண்டும். ஜிப் சரியா, சக்கரம் சரியா, கைப்பிடி சரியா. பை பேசாது என்பதால் அதன் சார்பில் பாஷ்கோ கைச்சைகையால் பதில் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரம் பையாக நின்று பாஷ்கோ களைத்துவிட்டான். எல்லாம் சரிதானே என்று கடைசியாகக் கேட்டபோது, தெருவில் எல்லோரும் செய்வது போலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டான். கடலுக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் 'நான் மேலே போகிறேன்' என்று அர்த்தம். முப்பத்தொரு வருட அனுபவஸ்தன், நாற்காலிகளுக்கு நடுவே நின்றதால் மறந்துவிட்டான். 'பை மேலேறிவிட விரும்புகிறது' என்று நிவெஸ் அம்மாள் எழுதினார். தேர்வு ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டது, பையின் மனநிலையைக் கருதி.

அடுத்தது ஆழம். பாஷ்கோ இளமையில் வாங்கிய தகுதி அட்டையில் முப்பது மீட்டர் என்று இருந்தது. கருவி தன்னை உடையவனைவிடக் குறைந்ததாக இருக்கக் கூடாது. எனவே பை முப்பது மீட்டர் இறங்கிக் காட்ட வேண்டும். தானே இப்போது எட்டு மீட்டர்தான் போக முடியும், போகிற இடத்தில் கடற்பசு ஆறு மீட்டரில்தான் இருக்கிறது என்று பாஷ்கோ சொல்லிப் பார்த்தான்.

"உங்க காது தேஞ்சதுக்குப் பை என்ன பாவம் செஞ்சுது? அதோட வளர்ச்சியத் தடுக்காதீங்க" என்றார் வித்தோமிர்.

அக்டோபர் எட்டாம் தேதி என்று நாள் குறித்தார்கள். அன்று காலையில் தெற்குக் காற்று ஆரம்பித்தது. எங்கள் கரையில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று ஈரமும் கனமுமாக வந்தால் ரொட்டி நமத்துப்போகும், மூட்டு வலிக்கும், புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் காலத்துப் பிரபுக்கள் அது வீசும்போது சட்டம் இயற்ற மாட்டார்களாம். இதை எங்கள் சங்கம் விதியாகவே வைத்திருக்கிறது. தெற்குக் காற்றில் தீர்மானம் கிடையாது, தேர்வு கிடையாது, முத்திரை கிடையாது. வருடத்தில் எங்களுக்கு வேறு வழியில் இவ்வளவு விடுமுறை கிடைக்காது.

காற்று ஒன்பது நாள் வீசியது. பாஷ்கோ தினமும் துறைமுகச் சுவரில் நின்று வானத்தைப் பார்த்தான். வேலைக்குப் போன ஒரு வீட்டில் வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் மாற்றி இணைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஒரு மனிதன் தன் கடைசி முங்கலுக்காகக் காத்திருக்கிறான், நாங்கள் ஒரு பையின் முதல் முங்கலுக்காகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் வடகிழக்குக் காற்று வந்து வானத்தைத் துடைத்தது. நான்கு மணிக்குச் சங்கப் படகு கிளம்பியது. வித்தோமிரும் கிர்கோவும் உடுப்பு மாட்டிக்கொண்டு, பைக்குள் ஈயக்கட்டிகள் போட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்கள். பாஷ்கோ படகில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்தான். பதினெட்டு நிமிடம் அடியில் இருந்துவிட்டு, ஏறும் வழியில் நிறுத்த வேண்டிய இடத்தில் பையை நிறுத்தி வைத்திருந்து, நான்கு நாற்பதுக்கு மேலே வந்தார்கள். டோப்ரிலா அடித்த வளையங்கள் வழியாகத் தண்ணீர் அழகாக வடிந்தது.

வித்தோமிர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். "நல்லா நடந்துக்குச்சு பை. கொஞ்சங்கூடப் பதறல" என்றார். நிவெஸ் அம்மாள் பைக்கென்று புதிதாக ஒரு முங்கல் பதிவேடு திறந்து, நேரம், ஆழம், தண்ணீரின் வெப்பம் எல்லாம் எழுதி முத்திரை குத்தினார். முங்கியவர் என்ற இடத்தில் பை. சாட்சிகள் என்ற இடத்தில் வித்தோமிரும் கிர்கோவும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு நான். ஈரப் பையை டோப்ரிலா காற்றில் தொங்கவிட்டு இரண்டு மணி நேரத்தில் காயவைத்துச் சாமான்களை அடுக்கினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் விமான நிலையத்தில் இருந்தோம். பதினொன்றரைக்கு விமானம். மற்ற உறுப்பினர்கள் ஒன்பது பேரும் பைகளைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் முன்பே மஞ்சள் பெட்டி வாங்கியவர்கள், துடுப்புகளை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள். நான் பயணம் போகிறவன் இல்லை. வழியனுப்பு நிகழ்ச்சியின் குறிப்பைச் சரிபார்க்க வந்திருந்தேன். டோப்ரிலா வண்டி ஓட்டி வந்திருந்தாள்.

பாஷ்கோவின் பையை எடைத்தட்டில் வைக்கப் போகும்போது நிவெஸ் அம்மாள் கையை நீட்டித் தடுத்தார். பதிவேட்டைத் திறந்தார். முங்கி எழுந்தது நேற்று மாலை நான்கு நாற்பது. முங்கியபின் இருபத்து நான்கு மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. எனவே பை இன்று மாலை நான்கு நாற்பது வரை பறக்கத் தகுதியற்றது.

இந்த விதி விளையாட்டல்ல. ஆழத்தில் சுவாசித்த வாயு ரத்தத்தில் கரைந்து கிடக்கும். உடனே உயரே போனால் அது குமிழியாகப் பொங்கி ஆளை முடமாக்கிவிடும், கொன்றும்விடும். முங்குகிற எல்லோருக்கும் தெரியும். பாஷ்கோவுக்கும் தெரியும்.

"பைக்கு ரத்தம் கிடையாதே தலைவரே" என்றான்.

"ரத்தம் இருக்கணும்னு விதியில எங்க போட்டிருக்கு?" என்றார் கிர்கோ.

வித்தோமிர் பாஷ்கோவின் தோளில் கை வைத்தார். விதி என்பது ஆளைப் பார்த்து வளைவதில்லை, பையைப் பார்த்தும் வளையாது என்றார். வசந்த காலத்தில் சங்கம் மறுபடி ஒரு பயணம் போடும், அப்போது இந்தப் பை முதல் வரிசையில் இருக்கும் என்றார். வசந்தத்தில் பாஷ்கோவுக்குச் சான்று இருக்காது என்பது அவருக்குத் தெரியும். அது மருத்துவத் துறையின் விஷயம், சங்கம் அதில் தலையிடுவதில்லை.

பாஷ்கோ தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்கு மட்டும் சிவந்துவிட்டது. டோப்ரிலாதான் கேட்டாள், சும்மா விசாரிப்பது போல.

"நேத்து தண்ணிக்குள்ள அந்தப் பையத் தூக்கிட்டுப் போனது யாரு?"

கிர்கோ பக்கத்திலிருந்த மஞ்சள் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. வித்தோமிர் பதிவேட்டை வாங்கிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதுல பை பேர் மட்டும்தாம்மா இருக்கு. நாங்க சாட்சி. சாட்சி முங்கறதில்ல."

"சாட்சிக்கு ரத்தம் உண்டுல்ல?" என்றாள் டோப்ரிலா.

வித்தோமிர் சங்கத்துக்காக எதையும் செய்வார், ஆனால் நரம்பில் குமிழி வெடித்துச் சாக மாட்டார். தொண்டையைச் செருமி, சட்டம் இயற்றியவர்களே சட்டத்துக்கு முதலில் கட்டுப்படும் இந்தத் தருணத்தைக் குறிப்பில் ஏற்றும்படி சொன்னார். ஏற்றினோம். சரி, நீங்கள் இருங்கள், என் பையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று பாஷ்கோ கெஞ்சினான். முடியாதாம். தலைவர் இருந்தால் தலைவரின் பெட்டி இருக்கும். பெட்டி இருந்தால் அதன் ஜோடியான பை எப்படித் தனியாகப் போகும்?

டோப்ரிலா பாஷ்கோவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "இங்க பாரு. கண்ணும் மூச்சும் உன் தோள்ல தொங்குது. மத்ததெல்லாம் அங்க வாடகைக்குக் கிடைக்கும். பைய இவங்க பாத்துக்கட்டும், இவங்களுக்கு வேற என்ன வேலை. நீ போ" என்றாள்.

வித்தோமிர் கடைசியாக எச்சரித்தார். "பாஷ்கோ, கருவியப் பிரிஞ்சு போனா நீங்க முக்குளிக்கறவர் இல்ல, வெறும் சுற்றுலாப் பயணி. அங்க போய் நீங்க முங்கினாலும் சங்கத்துப் பதிவுல அது ஏறாது."

"ஏற வேணாம் தலைவரே. நான் இறங்கினா போதும்" என்றான் பாஷ்கோ. திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வாழ்நாளில் அவன் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

டோப்ரிலா எங்கள் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பையையும் பெட்டியையும் நடுவில் வைத்து நாங்கள் நான்கு நாற்பது வரை உட்கார்ந்திருந்தோம். பைக்கு எந்த உபாதையும் இல்லை என்று மணிக்கு ஒரு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் முதல் வாரத்தில் பொதுக்குழு கூடியது. செங்கடல் பயண அறிக்கையை வித்தோமிர் நாற்பது நிமிடம் வாசித்தார். போகாதவர் என்பதால் அறிக்கையில் தேவையற்ற விவரங்கள் எதுவும் இல்லை. அந்த ஆண்டு சங்கத்தில் முப்பது மீட்டர் தகுதி பெற்ற ஒரே ஆளாக சாம்பல் பை அறிவிக்கப்பட்டது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைப் பையின் சார்பில் டோப்ரிலா வாங்கிக்கொண்டாள். எதில் மாட்டுவது என்று கேட்டாள்.

ஒன்பதாவது பொருள் 'இதர விஷயங்கள்'. பாஷ்கோ எழுந்து நின்றான். கூட்டத்தில் அவன் பேசுவது அதுதான் முதல் தடவை. கையில் எழுதி வைத்த தாள்கூட இல்லை. புதன்கிழமை காலையில் விரிகுடாவில் இறங்கியதாகவும், மாஸ்க்கைத் துடைத்துவிட்டுப் பார்த்ததாகவும் தொடங்கினான். அதற்குள் வித்தோமிர் பென்சிலால் மேசையைத் தட்டினார். பை இங்கே இருந்தபோது மாஸ்க்கும் ரெகுலேட்டரும் எதில் அங்கே போயின என்று கேட்டார்.

"கையோடதான் எடுத்துட்டுப் போனேன்" என்றான் பாஷ்கோ.

மண்டபம் கலகலத்துவிட்டது. முக்குளிப்பவரோடு பயணம் செய்யும் எதுவும் கருவி என்றால் கையும் கருவிதானே. அங்கீகரிக்கப்படாத கை. கையின் உச்சபட்ச எடை எவ்வளவு, இடது கையும் வலது கையும் ஒன்றுக்கொன்று ஜோடியாகுமா, அல்லது வேறொருவர் கை வேண்டுமா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ஆணையம் அங்கீகரிக்காத வாடகைத் துடுப்பைத் தொடாமல் ஒரு வாரம் கரையில் உட்கார்ந்துவிட்டு வந்த ஒன்பது பேரும்தான் அதிகம் கத்தினார்கள். கை ஆணையம் ஒன்று அமைக்க வேண்டும் என்று கிர்கோ முன்மொழிந்தார். பத்தரை ஆகிவிட்டதால் ஏகமனதாக நிறைவேறியது. நெத்திலி வந்தது. பாஷ்கோ நின்ற இடத்திலிருந்து எப்போது வெளியே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்தாயா என்று கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் குறிப்பில் ஏறாத ஒரு கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது.

"ஆறு மீட்டர்தான் யோசோ. காது வலிக்கவே இல்ல" என்றான். "புல்லு மேஞ்சிட்டு இருந்துச்சு. மணல் புகை மாதிரி எழும்பிச்சு. நான் சும்மா கிட்டப் போய் நின்னேன். தலையத் தூக்கி என்னப் பாத்துச்சு. நல்லா நிதானமாப் பாத்துச்சு. எங்கிட்ட எதுவுமே கேக்கல. அப்புறம் குனிஞ்சு மறுபடி மேய ஆரம்பிச்சிடுச்சு."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சான்று போன வியாழக்கிழமையோடு முடிந்துவிட்டது, ரப்பர் உடுப்பை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்றான். உள்ளேயிருந்து நிவெஸ் அம்மாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.

"எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று நான் பாஷ்கோவைக் கேட்டேன்.

அவன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தான். விரல்கள் இரு பக்கமும் சுவரில் இடித்தன. இந்த இடம் போதாது என்று சொல்லி என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போனான்.